நாற்பது டாலர் ரீலின் ஆயுள்: ஓர் உடற்கூற்று ஆய்வு

1. முன்னுரை

எந்தப் பொருளை வாங்கும் முன்பும் மனிதன் கேட்கும் கேள்விகள் இரண்டு: என்ன விலை, உழைக்குமா? முதல் கேள்விக்கான விடை பொருளின் மேலேயே ஒட்டியிருக்கிறது. இரண்டாவதைக் கேட்டால் கடைக்காரர் விட்டத்தைப் பார்க்கிறார். விட்டத்தில் விடை எழுதியிருப்பதாக அறிஞர் எவரும் இதுவரை நிறுவவில்லை. அந்தக் குறையைப் போக்கவே இவ்வாய்வு மேற்கொள்ளப்படுகிறது.

ஆய்வுப் பொருள், பெய்ட்காஸ்டிங் ரீல். அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்களின் கையில் இருப்பது. தூண்டில் ராடின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கும், உள்ளங்கைக்குள் அடங்கும். வீசும்போது இரையின் எடை தூண்டில் நரம்பை இழுக்க, நரம்பு தான் சுற்றியிருக்கும் ஸ்பூல் என்ற உருளையைச் சுழற்ற, ஸ்பூல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று வேகத்தில் ஓடும். ராடின் வயிற்றில் தொங்கும் ஸ்பின்னிங் ரீல் வேறு சாதி. அதில் வீசும்போது ஸ்பூல் அசையாது, நரம்பு மட்டும் வளையம் வளையமாகக் கழன்று போகும். அதைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாம். பெய்ட்காஸ்டரைப் பெரியவர்கள் கையில் கொடுப்பதற்கே யோசிக்க வேண்டும்.

அதிலும் குறிப்பாக, கடைகள் தங்கள் சொந்தப் பெயரைப் பொறித்து மலிவாக விற்கும் ரீல்களே இங்கே ஆராயப்படுகின்றன. வால்மார்ட்டுக்கு ஓசார்க் டிரெயில், டெக்சாஸ்காரர்களின் அகாடமி கடைகளுக்கு எச்டூஓ எக்ஸ்பிரஸ், பாஸ் ப்ரோ ஷாப்ஸுக்கு அதன் பெயரிலேயே ஒரு குடும்பம். நாற்பது டாலர் கையிலிருந்தால் இந்த உலகத்துக்குள் நுழைந்துவிடலாம். அதே கடையில், பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள், ஐநூறு டாலருக்கு மேல் விலை போட்ட ஜப்பானிய ரீல்களும் உட்கார்ந்திருக்கின்றன. ஆய்வு வினா எளியது: ஐநூறு டாலர் ரீல், நாற்பது டாலர் ரீலைப் போலப் பன்னிரண்டரை மடங்கு உழைக்குமா?

2. ஆய்வு எல்லையும் முறையும்

எல்லை வகுக்காத ஆய்வேட்டை எந்தப் பல்கலைக்கழகமும் தொடாது. எனவே இவ்வாய்வு நன்னீரோடு நின்றுகொள்கிறது. கடல் விலக்கப்பட்டது. உப்பின் முன்னால் ஐநூறும் ஒன்றுதான், நாற்பதும் ஒன்றுதான். ஐநூறு துருப்பிடிக்கும்போது வயிறு கொஞ்சம் கூடுதலாக எரியும், அவ்வளவே. படகிலிருந்து தவறி விழுந்தவை, கார்க் கதவில் நசுங்கியவை, மைத்துனர் இரவல் வாங்கிப் போனவை ஆகியனவும் விலக்கப்பட்டன. அவை பொருளின் குற்றமல்ல.

முதன்மைச் சான்றுகள் இரு வகை. ஒன்று, டாலஸ் பக்கத்து வீடு ஒன்றின் சாப்பாட்டு மேசையில் பிரித்துப் பரப்பப்பட்ட ரீல். மற்றொன்று, ஏரிக்கரை மரப்பாலங்களில் கேட்காமலே கருத்துச் சொன்ன தகவலாளர்கள். துணைமைச் சான்றாக, ரீல்கள் வரும் அட்டைப் பெட்டியின் வாசகங்கள் கொள்ளப்பட்டன. அவற்றை ஆய்வாளர் இலக்கியமாகவே அணுகினார். உயர்வு நவிற்சி அணி இத்தனை செழிப்பாக வேறெங்கும் காணக் கிடைப்பதில்லை.

3. முன்னோர் வரலாறு

இத்துறையின் முன்னோர்களைத் தேடிப் போனால் ஒரு விந்தை எதிர்ப்படுகிறது: திரும்பிய பக்கமெல்லாம் கடிகாரக்காரர்கள்.

முதலாமவர் ஜார்ஜ் ஸ்னைடர். ஊர் பாரிஸ், ஈஃபில் கோபுரம் இருக்கும் பாரிஸ் அல்ல, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்துப் பாரிஸ். வெள்ளி வேலையும் கடிகார வேலையும் செய்தவர். 1820க்கு முன்பே, கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஸ்பூல் பல சுற்றுச் சுற்றும் பல்சக்கர ரீலைத் தமக்கும் நண்பர்களுக்குமாகச் செய்தார். அதே மாநிலத்தின் ஃபிராங்ஃபர்ட் ஊரில் ஜொனாதன் மீக், பெஞ்சமின் மீக் என்ற சகோதரர்கள் அதைத் தொழிலாக்கினார்கள். அவர்களும் கடிகாரக்காரர்களே. ஒன்றுக்கு நான்கு என்ற விகிதத்தில் ஓடிய அந்தக் கென்டக்கி ரீல்களில், ஒவ்வொரு திருகுக்கும் ஓர் எண் பொறித்திருப்பார்கள். எந்தத் திருகு எந்தத் துளைக்கு உரியது என்று குறிப்பதற்காக. இச்செய்தியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு ரீலைச் செய்யும்போதே அதை ஒருநாள் யாரோ பிரிப்பார், துடைப்பார், திரும்பப் பூட்டுவார் என்று எண்ணிச் செய்த காலம் அது.

ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டாவில் 1921இல் கடிகாரத் தொழிற்சாலையாகத் தொடங்கியது ஆபு நிறுவனம். பிறகு டாக்ஸி மீட்டர் செய்தது. இரண்டாம் உலகப் போரில் டாக்ஸி வியாபாரம் படுத்ததும் ரீல் பக்கம் திரும்பியது. 1952இல் அங்கிருந்து வந்த சிவப்பு நிற அம்பாசடர் 5000தான் பெய்ட்காஸ்டர் உலகின் பேரரசர். மீட்டர் செய்தவர்கள் மீட்டருக்கு மேல் கேட்காமல் நல்ல பொருள் கொடுத்த நிகழ்வாக வரலாறு இதைப் பதிவு செய்கிறது.

டெக்சாஸில் ஆர்.டி. ஹல் என்று ஒருவர். தொழில்? கடிகாரம் பழுது பார்ப்பது. பெய்ட்காஸ்டரில் விழும் நரம்புச் சிக்கைக் கண்டு மனம் நொந்து, சிக்கே விழாத மூடிய ரீல் ஒன்றை யோசித்தார். அதைத் தூக்கிக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்த இடம் ஓக்லஹோமாவின் டல்சா நகரத்து ஜீரோ அவர் பாம் கம்பெனி. எண்ணெய்க் கிணறுகளுக்கு நேரக் குண்டு செய்தவர்கள். 1949இல் அவர்கள் அந்த ரீலை வெளியிட்டார்கள். கம்பெனியே பின்னாளில் ஜெப்கோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஒரு சிக்கைத் தீர்க்க மனித குலம் வெடிகுண்டுக் கம்பெனி வரை போக வேண்டியிருந்தது என்பதிலிருந்து சிக்கின் கனத்தை உணரலாம்.

கடிகார வம்சத்தில் சேராத ஒருவரும் உண்டு. நரம்பு ஒரே இடத்தில் குவியாமல் ஸ்பூலின் அகலம் முழுக்கப் பரவிச் சுற்றுவதற்கான அமைப்புக்கு 1890களில் காப்புரிமை பெற்று, மிச்சிகனின் கலமசூவில் கம்பெனி தொடங்கியவர் வில்லியம் ஷேக்ஸ்பியர். நாடகம் எழுதியவரோடு இவருக்கு உறவு காட்ட முடிந்திருந்தால் இவ்வாய்வுக்கு ஆங்கிலத் துறையிலிருந்தும் நிதி கிடைத்திருக்கும். முடியவில்லை.

4. கடை தன் பெயரைப் பொறித்த வரலாறு

செய்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருடையது என்ற ஏற்பாடு இன்று நேற்று வந்ததல்ல. சியர்ஸ் நிறுவனம் தன் விளையாட்டுச் சாமான்களில் ஜே.சி. ஹிக்கின்ஸ் என்ற பெயரைப் பல பத்தாண்டுகள் பொறித்தது. யார் அந்த ஹிக்கின்ஸ்? பெரிய வேட்டைக்காரரா, மீன்பிடி வீரரா? சியர்ஸிலேயே வேலை பார்த்த ஊழியர். பெயர் நன்றாக இருக்கிறதென்று எடுத்துக்கொண்டார்கள். 1960களில் அவர் பெயரை எடுத்துவிட்டு பேஸ்பால் வீரர் டெட் வில்லியம்ஸின் பெயரை வைத்தார்கள். அவராவது உண்மையில் தூண்டில் பித்தர். ரீல்களை எப்போதும்போல வேறு யாரோ செய்தார்கள்.

1972இல் ஜானி மோரிஸ் மிசௌரியின் ஸ்பிரிங்ஃபீல்டில், தம் தந்தையின் மதுக்கடைப் பின்புறத்தில் எட்டுச் சதுர அடியில் தூண்டில் சாமான் விற்கத் தொடங்கினார். அது பாஸ் ப்ரோ ஷாப்ஸ் ஆயிற்று. 1961இல் நெப்ராஸ்காவில் டிக் கபேலா தபாலில் தூண்டில் ஈக்கள் விற்றுத் தொடங்கிய கபேலாஸ் நிறுவனத்தை 2017இல் அதே பாஸ் ப்ரோ விழுங்கியது. அதற்கு முன்பே, 2015இல், டென்னசியின் மெம்பிஸ் நகரில் 321 அடி உயரப் பிரமிடு ஒன்றைத் தன் கடையாக மாற்றியிருந்தது. அது ஒரு காலத்தில் விளையாட்டரங்கம். எகிப்தியர் பிரமிடுக்குள் இறந்த அரசரை வைத்து, அவர் மறுமையில் பயன்படுத்தப் பண்டங்களையும் வைத்தார்கள். மெம்பிஸில் அரசரை விட்டுவிட்டுப் பண்டங்களை மட்டும் வைத்து விலை ஒட்டியிருக்கிறார்கள்.

இத்தகைய கடை தனக்கென ரீல் ஆலை கட்டுவதில்லை. சீனாவிலும் கொரியாவிலும் பல பெயர்களுக்கு ரீல் செய்து தரும் ஆலைகள் இருக்கின்றன. அங்கே தயாராக இருக்கும் ஓர் அச்சைத் தேர்ந்தெடுத்து, நிறத்தையும் கைப்பிடியையும் சொல்லி, பெயரைப் பொறித்து வாங்கிக்கொள்வார்கள். போட்டி வீரருக்குச் சம்பளம் இல்லை, பத்திரிகை விளம்பரம் இல்லை, இடைத்தரகர் இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. காப்புரிமைக்கு ஆயுள் இருபது ஆண்டு. 1980களில் பெரிய கம்பெனிகள் மார்தட்டிக்கொண்ட காந்தப் பிரேக் இன்று பொதுச் சொத்து. நாற்பது டாலர் ரீல் என்பது, ஒரு தலைமுறைக்கு முந்திய பணக்காரர் வைத்திருந்த ரீலின் சாரம்.

ஆக, மலிவு என்பதற்காகவே அது மட்டம் என்று முடிவு கட்டுவது ஆய்வு நெறியாகாது.

5. சிக்கு: ஒரு கோட்பாடு

ஆயுளைப் பேசும் முன் சிக்கைப் பேச வேண்டும். பல ரீல்கள் பிறந்த அன்றே கைவிடப்படுவது இதனால்தான்.

இரையை வீசுகிறோம். முதல் நொடியில் இரையும் ஸ்பூலும் ஒரே வேகம். அடுத்த நொடியில் காற்று இரையைத் தடுக்கிறது, அது தளர்கிறது. ஸ்பூலுக்கு இச்செய்தி எட்டுவதில்லை. அது பழைய வேகத்திலேயே நரம்பை உதிர்த்துக்கொண்டிருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆளில்லாத நரம்பு ஸ்பூலுக்குள்ளேயே பொங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எதிர்த்திசையில் சுற்றிக்கொள்கிறது. வெளியே தெரிவது ஒரு குருவிக்கூடு. அதைப் பிரிக்க உட்கார்ந்தவர் எழுந்திருக்கும்போது கூட வந்தவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள்.

இதைத் தடுக்க இரண்டு பிரேக்குகள். மையவிலக்குப் பிரேக்கில் சின்னக் கட்டைகள் சுழற்சியில் வெளியே தள்ளப்பட்டு ஒரு வளையத்தில் உரசும். காந்தப் பிரேக்கில் உரசலே இல்லை. அலுமினிய ஸ்பூல் காந்தங்களின் அருகே சுழலும்போது அதற்குள் சுழல் மின்னோட்டம் பிறந்து, சுழற்சியை எதிர்க்கிறது. ஃபூக்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் 1855இல் கண்ட நிகழ்வு. மலிவு ரீல்களில் பெரும்பாலும் இந்தக் காந்தப் பிரேக்தான். செய்வது சுலபம்: ஒரு தட்டில் சில காந்தங்கள், அதை முன்பின் நகர்த்த ஒரு திருகு.

இங்கே ஆய்வின் முதல் முடிவு கிடைக்கிறது. தொடாதது தேயாது. காந்தம் ஸ்பூலைத் தொடுவதே இல்லை. ஆகவே நாற்பது டாலர் ரீலின் மிக மலிவான உறுப்பே அதன் மிக நீண்ட ஆயுள் கொண்ட உறுப்பாகவும் இருக்கிறது. விலைக்கும் உழைப்புக்கும் நேர் விகிதம் என்ற பழைய கொள்கை இத்துடன் ஆட்டம் காண்கிறது.

பிரேக்குகள் செய்யாத வேலையைக் கட்டைவிரல் செய்ய வேண்டும். இரை நீரைத் தொடும் கணத்தில் ஸ்பூலை விரல் நிறுத்த வேண்டும். படித்த கட்டைவிரல் என்று அமெரிக்கத் தூண்டில்காரர்கள் மரியாதையாகச் சொல்வது இதைத்தான். ஐநூறு டாலர் ரீல் படிக்காத விரலைப் பெருமளவு மன்னிக்கும். நாற்பது டாலர் ரீல் மன்னிப்பதில்லை, படிக்க வைக்கும்.

6. உடற்கூறு

கோயம்புத்தூரில் லேத் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்து, இப்போது டாலஸ் பக்கம் மென்பொருள் எழுதும் மூத்த நண்பர் ஒருவர் இவ்வாய்வின் தொழில்நுட்ப ஆலோசகர். சில கோடைகள் உழைத்த ஒரு கடைப் பிராண்டு ரீல் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், வெள்ளைத் துண்டு விரித்து, அதன் மேல் கிடத்தப்பட்டது. எந்தக் கடையுடையது என்பது ஆய்வறம் கருதி மறைக்கப்படுகிறது.

கைப்பிடியின் நட்டைக் கழற்றினார். கைப்பிடி வந்தது. அதன் அடியில் டிராக்கை இறுக்கும் நட்சத்திரச் சக்கரம். அதன் அடியில், எதிரெதிராகக் கவிழ்ந்த இரண்டு கிண்ண வாஷர்கள். ஒவ்வொன்றைக் கழற்றும்போதும் செல்பேசியில் ஒரு படம். பக்கத் தகட்டைத் தூக்கியதும் கிரீஸ் தெரிந்தது. பொங்கலில் நெய் ஒரே ஓரமாகத் தேங்கி நிற்குமே, அப்படி ஒரு பக்கம் குளம், மறு பக்கம் வறட்சி. ஆலோசகர் பெரிய கியரை எடுத்து விளக்கொளியில் திருப்பினார். நகத்தால் பற்களை ஒவ்வொன்றாக நெருடினார்.

“பித்தளைதான் தம்பி. பல்லப் பாரு, கருக்குக்கூட மழுங்கல.”

“அப்ப உழைக்கும்ங்களாண்ணா?”

“இரு, அவசரப்படாத.” கியரின் வயிற்றிலிருந்து டிராக் வாஷரைக் குச்சியால் நெம்பி எடுத்தார். ஒரு காலத்தில் கம்பளியாக இருந்தது. இப்போது எண்ணெய் குடித்து, நசுங்கி, கறுத்து, ஒரு பக்கம் கிழிந்திருந்தது. “கியர் உன் பேரன் வரைக்கும் உழைக்கும். இது அடுத்த பெரிய மீன் வரைக்கும்.”

டிராக்கின் வேலை, மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல் ஓர் அளவான இறுக்கத்தோடு விட்டுக்கொடுப்பது. விலை உயர்ந்த ரீல்களில் கார்பன் நார் வாஷர் இருக்கும். சூடானாலும் வழுக்காது, திக்காது. மலிவானவற்றில் பல கம்பளியோடு நிறுத்திவிடுகின்றன. கார்பன் வாஷர் சில டாலர்தான். அளவு சரியாகக் கிடைத்தால் யாரும் மாற்றிக்கொள்ளலாம். “கிடைத்தால்” என்ற இந்தச் சொல்லைப் பிறகு மீண்டும் சந்திப்போம்.

அப்போது அது நடந்தது. பினியன் கியரைத் தாங்கும் கவையைத் தூக்கியபோது, அதன் அடியிலிருந்த மிளகளவு ஸ்பிரிங் ஒன்று துள்ளியது. டிக் என்ற ஓசை கேட்டது. எங்கே என்று தெரியவில்லை. இரண்டு முதுநிலைப் பட்டதாரிகள் தரையில் முழங்காலிட்டுத் தவழ்ந்தார்கள். “அந்தக் கடைலயே இந்த ஸ்பிரிங் தருவாங்களாண்ணா?” “முழு ரீலும் தருவாங்க. ஸ்பிரிங் தரமாட்டாங்க.” கடைசியில் அண்ணி விளக்குமாற்றோடு வந்து குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் ஒரு வாரு வாரினார். இரண்டு மிளகு, ஒரு பட்டாணி, ஸ்பிரிங் ஆகியவை வெளிவந்தன. எது எது என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். இவ்வாய்வின் திருப்புமுனை அந்த விளக்குமாறுதான்.

7. பேரிங் எண்ணிக்கை குறித்த சர்ச்சை

அட்டைப் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பேரிங் எண்ணிக்கை. 10+1 என்றால் உயர்வு, 5+1 என்றால் தாழ்வு என்று பாமரர் கருதுவர். இக்கருத்து ஆராயத்தக்கது.

பத்து எங்கே இருக்கின்றன என்று எண்ணினால், கைப்பிடியின் இரண்டு குமிழ்களிலேயே, ஒவ்வொன்றுக்கும் இரண்டாக, நான்கு இருப்பதுண்டு. அவை விரல்களுக்குச் சுகம் தருபவை. வீச்சின் தூரத்துக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அந்த +1 என்பது கைப்பிடி பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் ஒரு திசைப் பேரிங். வீச்சைத் தீர்மானிப்பவை ஸ்பூலைத் தாங்கும் இரண்டோ மூன்றோதான். அவை தரமாக இருந்து, அவ்வப்போது ஒரே ஒரு துளி எண்ணெய் பெற்றால் 5+1 ரீல் 10+1 ரீலைத் தாண்டி வீசும். ஒரு துளி என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்பு மிகுதியால் எண்ணெயில் குளிப்பாட்டினால், வழிகிற எண்ணெயே வேகத்தைக் குறைத்து, மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடைகளில் ஒரு சடங்கு நடக்கிறது. வாடிக்கையாளர் ரீலைக் காதருகே வைத்து, கண்ணை மூடி, கைப்பிடியை வேகமாகச் சுழற்றிவிட்டு, தலையை ஆட்டுகிறார். அவர் சோதிப்பது கைப்பிடியைத்தான். வீசும்போது கைப்பிடி சுழல்வதே இல்லை.

8. மரண வகைகள்

கள ஆய்வில் கடைப் பிராண்டு ரீல்களின் சாவு நான்கு வகைப்படும் என்பது தெளிவாயிற்று.

முதலாவது, கவனிப்பில்லாச் சாவு. மழையில் நனைந்து, படகுத் தரையின் சேற்றில் கிடந்து, அப்படியே கார் டிக்கியில் அடுத்த வசந்தம் வரை உறங்கியவை. பேரிங் கரகரக்கும். பெரும்பாலும் பிழைக்க வைத்துவிடலாம்.

இரண்டாவது, பல்சக்கரச் சாவு. எல்லாரும் அஞ்சுவது இதற்குத்தான். ஆனால் நன்னீர் பாஸ் மீனுக்குப் பித்தளைக் கியர் அத்தனை எளிதில் தேய்ந்துவிடாது. வெளியே பிளாஸ்டிக் கலந்த உடல் இறுக்கமாகப் பிடித்தால் வளைந்து, கியர்கள் சரியாகப் பொருந்தாமல் போவதுண்டு. அது உடலின் குற்றம், கியரின் குற்றமன்று.

மூன்றாவது, சிற்றுறுப்புச் சாவு. நரம்பை இடமும் வலமுமாகப் பரப்பும் வழிகாட்டியை ஓட்டுவது, குறுக்கும் மறுக்குமாகப் பள்ளம் வெட்டிய ஒரு தண்டும், அப்பள்ளத்தில் பதிந்து ஓடும் ஒரு சின்ன உலோக நாக்கும். நாக்கு தேய்ந்தால் வழிகாட்டி நின்றுவிடும். நரம்பு ஒரே இடத்தில் குவியும். அந்த நாக்கின் விலை சில்லறைக் காசு. ஆனால் கடை அதே ரீலை அதே உடலில் நெடுங்காலம் விற்பதில்லை. நிறம் மாறும், பெயருக்குப் பின்னால் ஓர் எண் கூடும், ஆலையே மாறும். பழைய நாக்கு புதிய ரீலில் நுழையாது. கியர் நலம், காந்தம் நலம், பேரிங் நலம். நோயாளி மட்டும் இல்லை.

ஒரு மரப்பாலத்தில் கண்ட முதிய தகவலாளர் ஒருவர் அரை நூற்றாண்டுப் பழைய சிவப்பு அம்பாசடர் வைத்திருந்தார். உடல் முழுக்கக் கீறல். வீசினால் பட்டுப்போல் போயிற்று. எப்படி இன்னும் ஓடுகிறது என்று கேட்டதற்கு, “இதற்கு இன்னும் உதிரிப் பாகம் கிடைக்கிறது, மகனே. என் முழங்காலுக்கே கிடைத்துவிட்டதே!” என்று கால்சட்டையைச் சுருட்டி அறுவைத் தழும்பைக் காட்டினார். தழும்பும் நேர்த்தியாகவே இருந்தது.

நான்காவது, மானச் சாவு. ரீலுக்கு ஒன்றுமில்லை. பக்கத்துப் படகுக்காரர் ஐநூறு டாலர் ரீலோடு வந்து, சிரித்து, ஒன்றும் சொல்லாமல் போனார். அன்றிரவே இது மலிவானது என்ற எண்ணம் சொந்தக்காரர் மனத்தில் புகுந்துவிட்டது. மறுவாரம் அது கராஜ் அலமாரியில். ஆய்வாளர் பார்த்தவற்றில் இவ்வகையே மிகுதி. அலமாரியில் நல்லடக்கம் செய்யப்பட்ட இந்த ரீல்களை எடுத்துத் தூசி தட்டினால் இன்றும் வீசலாம்.

9. மறுப்பும் மறுமொழியும்

மலிவு ரீலில் பெரிய மீன் வருமா என்று புறத்தேர்வாளர் கேட்கக்கூடும். 1932 ஜூன் 2ஆம் தேதி, ஜார்ஜியா மாநிலத்தின் மான்ட்கோமரி ஏரியில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸ் மீனைப் பிடித்தார். ராடும் ரீலும் சேர்ந்து 1.33 டாலர் என்று சொல்வார்கள். அந்த உலகச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. 2009 ஜூலை 2ஆம் தேதி ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா ஒரு மயிரிழை கனமான மீனைப் பிடித்தும், இரண்டு அவுன்ஸாவது கூடியிருக்க வேண்டும் என்ற விதியால் சமன் என்றே அறிவித்தார்கள். பெர்ரி தம் சாதனையைக் குடும்பத்தோடு சமைத்துச் சாப்பிட்டுவிட்டார். பொருளாதார மந்தக் காலத்தில் ஆவணப் பாதுகாப்பைவிட இரவுச் சாப்பாடு முக்கியம்.

10. முடிவுகள்

ஆய்வின் கண்டுபிடிப்புகள் வருமாறு. ஐநூறு டாலர் ரீல் பன்னிரண்டரை மடங்கு உழைப்பதில்லை. அது இன்னும் மெல்லிய இரையை இன்னும் தூரம் வீசும், கையில் கனக்காது, விரலின் பிழையைப் பொறுத்துக்கொள்ளும். அதற்குத்தான் அந்தக் காசு, ஆயுளுக்கு அல்ல. நாற்பது டாலர் ரீலின் உலோகம் போதுமான அளவு நல்லது. அதற்கு இல்லாதது ஒரு கடிகாரக்காரர். திருகுக்கு எண் பொறித்த மீக் சகோதரர்கள், பிரிக்கப்போகிறவரை மனத்தில் வைத்து ரீல் செய்தார்கள். கடைப் பிராண்டு ரீலோ, பிரிக்கவே மாட்டார்கள் என்று நம்பிச் செய்யப்படுகிறது. ஒரு ரீல் எத்தனை காலம் உழைக்கும் என்பதை அதன் மிக விலையுயர்ந்த பாகம் தீர்மானிப்பதில்லை; கேட்டால் கிடைக்காத மிக மலிவான பாகம் தீர்மானிக்கிறது.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி பிறக்கிறது. கடைப் பிராண்டு ரீல் வாங்கினால், அதே நாளில், அதே நிறத்தில், அதே மாடலில் இரண்டு வாங்க வேண்டும். ஒன்று உழைக்க, மற்றொன்று ஸ்பிரிங்கும் நாக்கும் பேரிங்கும் வாஷரும் அடங்கிய உதிரிப் பாகக் கிடங்காகப் பெட்டிக்குள் இருக்க. செலவு எண்பது டாலர். ஐநூறில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. கணக்கில் குற்றம் காண முடியாது.

நடைமுறையில் ஒரு தடை உண்டு. பெட்டிக்குள் இருக்க வேண்டிய அந்த இரண்டாவது ரீல், கொஞ்ச நாளில் தனக்கென ஒரு ராடைத் தேடிக்கொள்கிறது. ராடு நரம்பைக் கேட்கிறது, நரம்பு இரையைக் கேட்கிறது. உதிரிப் பாகம் என்று வாங்கியது ஒரு முழுக் குடும்பமாகி நிற்கிறது. அதன்பின் அவற்றில் ஒன்றின் ஸ்பிரிங் போனால், இன்னொன்றைப் பிரிக்கச் சொந்தக்காரருக்கு மனம் வருவதில்லை.

எனவே மேலாய்வுக்கு ஒரு களம் பரிந்துரைக்கப்படுகிறது. இரண்டு ரீல் வாங்கி, இரண்டாவதைப் பெட்டியைவிட்டு எடுக்காமல் ஒரு முழுப் பருவம் வைத்திருந்த ஒருவரைக் கண்டுபிடித்து, அவருடைய உணவு, உறக்கம், வளர்ப்பு முறை ஆகியவற்றை விரிவாக ஆராய வேண்டும். அத்தகையவர் கிடைப்பின், இவ்வாய்வேட்டுக்கு அவரையே புறத்தேர்வாளராக நியமிக்கலாம்.